வரன் எண் 114-இன் குரல்

மே 12, திங்கள்

நாச்சிமுத்து அண்ணன் கோயமுத்தூரில் இரண்டு நாள் விளம்பரப் பயிற்சி முகாம் முடித்துவிட்டு, கையில் ஒரு சான்றிதழோடு ஆபீசுக்கு வந்தார். அதை முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டிய பிறகுதான் உட்கார்ந்தார். அறுபத்து மூன்று வயதில் ஒருவர் இப்படிப் பூரித்து நான் பார்த்ததில்லை.

"ஏனம்மிணி, நம்ம வெளம்பரத்தைப் படிச்சா ஆருக்காச்சும் வாசம் வருதா?" என்று கேட்டார்.

நான் மேசையில் கிடந்த, மாதாமாதம் நாங்கள் அச்சிடும் தகவல் தாளை எடுத்து முகர்ந்து பார்த்து, மண்ணெண்ணெய் வாசம் வருகிறது என்றேன்.

"அது அச்சு மை. நாஞ் சொல்றது எழுத்துல வர்ற வாசம். கண்ணு, காது, மூக்கு, நாக்கு, தோலு, அஞ்சையும் தொடோணுமாம். நல்ல காப்பின்னு எழுதுனா ஒருத்தனும் வரமாட்டான். டம்ளர் சுடுது, நொரை மீசைல ஒட்டுதுன்னு எழுதிப் பாரு, ஓடியாருவான்!"

நாங்கள் காப்பி விற்கவில்லை. ஈரோடு மணிக்கூண்டுக்குப் பக்கத்தில், மாடியில் அண்ணன் நடத்தும் 'இல்லறம் திருமணத் தகவல் மைய'த்தில் வரன்களைப் பற்றி எழுதுகிறோம். பதினோரு வருடமாக நான்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளை என்றால் நற்பழக்கம் உள்ளவர், பெண் என்றால் குடும்பப் பாங்கானவர். பெயரை மாற்றினால் போதும். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை, யாரும் படித்ததுமில்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம் அண்ணன் குரலை இறக்கினார். பெங்களூரில் இருக்கும் மகள் வந்துவிடச் சொல்கிறாளாம். ஆடி பிறப்பதற்குள் ஒரு முடிவு. "வரன் நூத்திப் பதினாலு ஆறு வருசமா நம்ம பொட்டிலயே கெடக்குது. புது மொறையில எழுதி அதை முடிச்சுட்டீன்னா ஆபீஸ் சாவி உன்ற கைல. இல்லாட்டி போர்டைக் கழட்டீரலாம்."

எனக்கு இந்த ஆபீஸ் வேண்டும். முப்பத்தாறு வயதில் கோகிலாமணி என்பவளை வேறு எவன் வேலைக்கு எடுப்பான்? ஜாதகத்தில் செவ்வாய் இருக்கிறது என்று எவன் வீட்டுக்கும் போகாமல் நின்றவளுக்கு, உட்கார ஒரு நாற்காலியாவது சொந்தமாக இருக்கட்டும்.

114 என்பது சென்னியப்பன். நாற்பத்தொரு வயது. கருங்கல்பாளையத்தில் மஞ்சள் மண்டியில் வேலை. மாதாமாதம் முதல் சனிக்கிழமை வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்து, "ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்று காதில் விழாத குரலில் கேட்பார். இல்லை என்றால் "பரவாயில்லீங்க" என்பார். பெண் வீட்டார் யாராவது கூப்பிட்டால் போய்ப் பார்ப்பார். பத்தொன்பது வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை. ஜாதகமும் போன் நம்பரும் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது.

அவரைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது. இடது புருவத்தில் சின்னத் தழும்பு ஒன்று உண்டு. அவ்வளவுதான்.

மே 14, புதன்

ஐந்து புலன்களில் இரண்டை அண்ணனே தடை செய்துவிட்டார். காரணம், அவர் மாதிரிக்கு எழுதிக் காட்டிய விளம்பரம். ஒரு பெண்ணைப் பற்றி "தொட்டால் வெண்ணெய்" என்று ஆரம்பித்திருந்தார்.

"அண்ணா, இதைப் போட்டா பொண்ணோட அப்பா வர்றதுக்கு முன்னாடி போலீஸ் வருமுங்க," என்றேன்.

அண்ணன் அந்த வரியை அடித்தார். "செரி. தொடறதும் ருசிக்கறதும் நம்ம தொழிலுக்கு ஆகாது. கண்ணு, காது, மூக்கு, மூணே போதும்."

மே 17, சனி

முதல் பரிசோதனை. சண்முகப்பிரியா, இருபத்தாறு வயது, பி.காம். இவளும் அம்மாவும் போன வாரம் ஆபீசுக்கு வந்து காத்திருந்தபோது, இவள் பையிலிருந்து முறுக்கு எடுத்துத் தின்றாள். அதையே எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: "இவர் முறுக்கு கடிக்கும் சத்தம் மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும். சிரித்தால் அதைவிடத் தூரம் கேட்கும்."

பதினொரு மணிக்கு அம்மாக்காரி மாடியேறி வந்தார். "என்ற புள்ளைய என்ன எருமைன்னு நெனைச்சீங்களா? பல்லுக் கடிக்கற சத்தத்தையெல்லாமா எழுதுவாங்கோ?" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் பத்து நிமிடம். நான் தலையைக் குனிந்து நின்றேன். திட்டு பாதியில் இருக்கும்போதே போன் அடித்தது. சண்முகப்பிரியாவின் ஜாதகம் கேட்டு பெருந்துறையிலிருந்து ஒரு வீடு. அடுத்தது கோபியிலிருந்து. மூன்றாவது போனுக்கு அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கொஞ்சம் தண்ணி குடுங்க," என்றார்.

ஆக, வேலை செய்கிறது.

மாலையில் சிலிண்டர் பதிவு செய்தேன். மாவு புளித்துவிட்டது.

மே 20, செவ்வாய்

114-ஐ ஆரம்பித்தேன். உட்கார்ந்த இடத்தில் வாசம் வராது. ஆளை அவருடைய இடத்தில் பார்க்க வேண்டும். போன் போட்டு, நாலு மணிக்கு மண்டிக்கு வருகிறேன் என்றேன். அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உடைந்தது. பிறகு, "வாங்கோ," என்று கேட்டது.

முதல் நாள் மூக்குக்காக மட்டும் போனேன். காய்ந்த மஞ்சளும் வேப்பெண்ணெய் சோப்பும். இரண்டும் சேர்ந்து நன்றாகத்தான் இருக்கிறது. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையவில்லை. மஞ்சள் மண்டியில் வெள்ளைச் சட்டை போட்டு வேலை பார்க்கும் மனிதரை இன்றுதான் பார்த்தேன்.

மே 22, வியாழன்

காதுக்காகப் போனேன். ஒரே நாளில் மூன்று புலனையும் பார்த்தால் கலந்துவிடும்.

ஒரு விரலி மஞ்சளை எடுத்து இரண்டாக உடைத்துக் காட்டினார். சரியாகக் காய்ந்திருந்தால் உலோகத்தைத் தட்டியது போலச் சத்தம் வருமாம். காயாதது சத்தமே இல்லாமல் உடையுமாம். என் கையில் ஒன்றைக் கொடுத்தார். எனக்கு உடையவில்லை. அவர் வாங்கி உடைத்துக் கொடுத்தார். உள்ளங்கை சுடுகிறது அவருக்கு. வெயில் காலம்.

மண்டியில் தூசி அதிகம். புதுச் செருப்பு ஒன்று வாங்கினேன், அதற்காகத்தான்.

மே 24, சனி

கண்ணுக்காக.

மே 27, செவ்வாய்

காதில் ஒரு சந்தேகம் இருந்தது. அதனால் மறுபடி போனேன். இந்த மண்டியில் எப்போதுதான் வேலை செய்வார்களோ! நான் போகும்போதெல்லாம் எடை போடுவது நின்றிருக்கிறது. மூட்டை தைக்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு எங்களையே பார்க்கிறார்கள். டீக்கடைக்காரர் அவருக்குச் சர்க்கரை குறைத்துப் போட்டுக் கொடுத்தார். "போன வாரத்துலிருந்து குறைச்சிருக்கேனுங்க, வயிறு கொஞ்சம்..." என்று சென்னியப்பன் மெதுவாகச் சொன்னார். பேச்சு காதில் விழாமல் நான் முன்னால் சாய வேண்டியிருந்தது. இந்தக் குரலை வைத்துக்கொண்டு மண்டியில் எப்படிப் பிழைக்கிறார்? பாவம்.

மே 30, வெள்ளி

எழுதி முடித்தேன். ஏழு முறை கிழித்துப் போட்டேன். பதினோரு வருடத்தில் எதையும் ஒரு முறைகூடக் கிழித்ததில்லை.

"வரன் எண் 114. வயது 41. உயரம் ஐந்தடி எட்டு. இவர் வந்து போன அறையில் காய்ந்த மஞ்சளும் வேப்பெண்ணெய் சோப்பும் கலந்த வாசம் அரை மணி நேரம் இருக்கும். மஞ்சளை உடைத்து, சத்தத்தைக் கேட்டே தரம் சொல்லிவிடுவார். விரல் நுனிகள் எத்தனை கழுவினாலும் மஞ்சளாகவே இருக்கும், நோயல்ல, தொழில். உள்ளங்கை சூடானது. குரல் மெல்லியது. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும். கேட்பவர் தானாகவே கொஞ்சம் முன்னால் சாய்வார்."

அண்ணன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். 'உள்ளங்கை சூடானது' என்ற இடத்தில் நின்றார்.

"அம்மிணி, இது தோலு. தடை பண்ணுன கணக்குல வருது."

"தப்பா விழுந்துருச்சுங்க," என்று அடித்துவிட்டேன். அண்ணன் வேறொன்றும் கேட்கவில்லை. அவருக்கு இதெல்லாம் புரியாது, நல்லவேளை. புரிய என்ன இருக்கிறது?

ஜூன் 6, வெள்ளி

தாள் வெளியாகி ஐந்து நாளில் பதினேழு விசாரணை. ஆறு வருடத்தில் பத்தொன்பது, இப்போது ஐந்து நாளில் பதினேழு! அண்ணன் சான்றிதழுக்குப் பூ வைத்தார்.

எனக்கு மகிழ்ச்சிதான். தலைவலி வெயிலால்.

ஜூன் 7, சனி

முதல் சனிக்கிழமை. சென்னியப்பன் வந்தார். விசாரித்தவர்களின் பட்டியலைக் கொடுத்தேன். அதைப் பார்க்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நீங்களே ஒண்ணு பாத்துச் சொல்லுங்கோ," என்றார்.

பட்டியலில் இருப்பதிலேயே நல்ல வரனாகத் தேர்ந்தெடுத்தேன். பவானியில் பூங்கொடி என்று ஒரு டீச்சர், முப்பத்தெட்டு வயது. நல்ல வேலை, நல்ல முகம். ஒரு குறையும் கிடைக்கவில்லை. இரண்டு முறை தேடினேன்.

ஜூன் 11, புதன்

பூங்கொடி டீச்சரே போன் செய்தார். விளம்பரத்தில் எழுதியிருப்பது உண்மைதானா என்று விசாரணை. பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வைத்துவிடுவார். விளம்பரம்தானே, கூட்டிக் குறைத்து இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சாவி ஞாபகம் வந்தது. சாவிக்காக மட்டுமல்ல, எழுதியதை நானே பொய் என்று சொல்ல மனசு ஒப்பவில்லை.

"ஒவ்வொரு வார்த்தையும் உண்மைங்க."

"கோபம் வருமுங்களா?"

"வந்தா பேசமாட்டாருங்க. கைல இருக்கற மஞ்சளை ஒடச்சுட்டே இருப்பாரு."

"சாப்பாடு?"

"புளிப்பு ஆகாது. டீயில இப்ப சக்கரை கம்மி பண்ணீருக்காரு. சிரிச்சா சத்தம் வராது, தோளு மட்டும் குலுங்கும். நடக்கறப்ப வலது செருப்பு கொஞ்சம் இழுபடும்."

"ஏனுங்க, நீங்க எனக்கு மாப்பிள்ளை சொல்றீங்களா, உங்க ஊட்டுக்காரரைப் பத்திச் சொல்றீங்களா?" என்று சிரித்தார்.

டீச்சராம் டீச்சர். வாய்த்துடுக்கு. ஞாயிற்றுக்கிழமை சென்னியப்பனை வரச் சொல்லிவிட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று பவானியில் பெண் பார்க்கிறார்கள். நான் வீட்டை ஒட்டடை அடித்தேன். பாத்திரங்களைப் புளி போட்டு விளக்கினேன். விளக்கியதையே மறுபடி விளக்கினேன். நாலு மணிக்குத் துணி துவைக்கலாம் என்று பார்த்தால் துவைக்கத் துணி இல்லை. துவைத்த துணியை எடுத்துத் துவைத்தேன்.

ஜூன் 16, திங்கள்

ஆபீஸைத் திறந்ததும் டீச்சரின் அண்ணன் போனில் வந்தார்.

"மெல்லிய குரலாமா? எந்தக் காதுல கேட்டு எழுதுனீங்கம்மா? அந்தாளு வணக்கம்னு சொன்னதுக்கு எங்க ஊட்டு மாடு கயித்தை அத்துட்டு ஓடிருச்சு. இன்னும் புடிக்கலை! இப்பிடிப் பொய் எழுதித்தான் பொழைக்கறீங்களா? ஊரெல்லாஞ் சொல்றேன் பாருங்கோ!"

போனை டீச்சர் வாங்கினார். அவர் கோபமாக இல்லை. "ஆளு நல்லவருதானுங்க. ஆனா நாளெல்லாம் பள்ளிக்கூடத்துல சத்தத்துல கெடக்கறேன். ஊட்டுக்கு வந்தா மெதுவாப் பேசற ஒருத்தரு வேணும்னுதான் அந்த வெளம்பரத்தை வெட்டி வெச்சிருந்தேன். அதுல இருக்கற ஆளு வேற, வந்த ஆளு வேறங்க."

வைத்துவிட்டார். அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "போச்சு. ஊரெல்லாம் சொன்னான்னா நூத்திப் பதினாலு மட்டுமில்ல, மிச்சம் இருக்கறதும் போச்சு. போர்டைக் கழட்டிப் போட்டுட்டு நான் பெங்களூரு போறேன் அம்மிணி."

ஏமாற்றுக்காரி என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை. நான் காதால் கேட்டதைத்தானே எழுதினேன்? ஆறு வருடமாகக் கேட்டதை!

ஜூன் 17, செவ்வாய்

போன் செய்யாமல், நாலு மணிக்குக் காத்திருக்காமல், காலை பத்து மணிக்கு மண்டிக்குப் போனேன். இருந்த கோபத்துக்குப் பழைய செருப்பையே மாட்டிக்கொண்டு போனேன்.

தெரு முனையிலேயே கேட்டது. "நாப்பத்திரெண்டு முந்நூறு டோய்ய்!" மண்டிக் கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பின. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். மஞ்சள் படிந்த பனியன், மடித்துக் கட்டிய லுங்கி, சீப்பு பார்க்காத தலை. தராசு பக்கத்தில் நின்றுகொண்டு, அந்தக் கோடியில் கணக்குச் சிட்டை எழுதுபவருக்குக் கேட்கும்படி எடையைக் கூவிக்கொண்டிருந்தார். தொண்டையா அது, கோயில் கொம்பா?

"நாப்பத்திமூணு எரநூ..." என்று திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். குரல் பாதியில் கரைந்தது.

"எத்தனைண்ணா?" என்று அங்கிருந்து கேட்டார்கள். இவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மண்டியே சிரித்தது.

மூட்டை தைக்கும் பாப்பாத்தியக்கா ஊசியை வைத்துவிட்டு வந்தார். "அம்மிணி, உங்க பேப்பரை நாங்க அத்தனை பேரும் படிச்சமுங்க. இதாருடா நம்ம மண்டிக்குப் புதுசான்னு தேடுனோம். உங்க போன் வந்தாப் போதும், எடையை நிறுத்துன்னு கத்துவாரு. பம்ப்புல போயிக் குளிப்பாரு. அந்த வெள்ளைச் சட்டை மொதலாளி மகனோடது!"

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "பொய்க் குரல்ல பேசி என்னைப் பொய்யி எழுத வெச்சுட்டீங்களே! என்ற வேலை போகப் போகுது, தெரியுமா? மாடு கயித்த அத்துட்டு ஓடிருச்சாமா!" என்று கத்தினேன். அத்தனை பேருக்கு முன்னால், அவரைவிடச் சத்தமாக.

"பொய்யில்லீங்க," என்றார்.

"அப்ப அது ஆரோட குரலு?"

அவர் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. சனியன், நான் முன்னால் சாய்ந்தேன்.

"இது உங்ககிட்டப் பேசற கொரலுங்க. வேற ஆருகிட்டயும் வர்றதில்லை. டீச்சர் ஊட்டுல முயற்சி பண்ணித்தான் பாத்தேன். வரலீங்க."

நான் திரும்பி நடந்து பஸ் ஏறினேன். சித்தோடு தாண்டிய பிறகுதான் அது தப்பான பஸ் என்று தெரிந்தது.

ஜூன் 18, புதன்

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 20, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை என்று எழுதியது பொய். என் நோட்டில் நானே பொய் எழுதினால் அப்புறம் எங்கே போய் உண்மை எழுதுவது?

புலன் கணக்கை உட்கார்ந்து சரிபார்த்தேன். மூக்கில் தப்பில்லை, காதில் தப்பில்லை. நான் இருக்கும்போது மட்டும் பார்த்தேன், அதுதான் தப்பு. நான் இல்லாதபோது அந்த மனிதர் எப்படி இருப்பார் என்று பார்க்கவே இல்லை. இந்த ஊரில் ஆயிரம் பேருக்கு அவர் கூவுகிற ஆள். நான் எழுதிய ஆள் என் எதிரில் மட்டும்தான் இருக்கிறார். அப்படியொரு ஆளை விளம்பரம் போட்டு வேறொருத்திக்குக் கொடுக்கப் பார்த்தேனே, என்னை எதால் அடிப்பது?

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

ஜூலைத் தாள் அச்சுக்குப் போக வேண்டும். அதில் திருத்தம் போட்டே ஆக வேண்டும் என்று அண்ணன் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

"திருத்தம். சென்ற இதழில் வரன் எண் 114-இன் குரல் மெல்லியது என்று வெளியானது எழுதியவரின் கவனக்குறைவு. அவர் குரல் கருங்கல்பாளையம் முழுக்கக் கேட்கும். மெல்லிய குரல் ஒருவரிடம் பேசும்போது மட்டுமே வரும் என்பது நேரில் பார்த்து உறுதி செய்யப்பட்டது. அந்த ஒருவர் செவ்வாய் தோஷம் உள்ளவர், வயது 36, கோபக்காரி. வரன் வீட்டாருக்குச் சம்மதம் என்றால் ஆபீஸ் நேரத்தில் தொடர்பு கொள்ளவும்."

அண்ணன் இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்தார், வைத்தார்.

"ஏனம்மிணி, நம்ம கடைச் சரக்கை நாமளே எடுத்துக்கறதா?"

"வேற ஆரும் எடுக்கலீங்களே அண்ணா, ஆறு வருசமா."

"அப்ப நூத்திப் பதினாலு முடிஞ்ச மாதிரியா?"

"பொண்ணு ஊட்டுல சம்மதமுங்க. மாப்பிள்ளையத்தான் கேக்கோணும்."

"சாவி கல்யாணத்தன்னிக்குத்தான். நடுவுல மனசு மாறீட்டா நான் ஏமாளி ஆயிருவேன்," என்று சொல்லி, திருத்தத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினார். 'கோபக்காரி'யை அடித்துவிட்டு 'கொஞ்சம் கோபக்காரி' என்று போட்டார்.

ஜூலை 1, செவ்வாய்

தாள் காலை ஒன்பது மணிக்கு மண்டிக்குப் போயிருக்கும். பத்து மணி வரை ஒன்றுமில்லை. பத்தரை, ஒன்றுமில்லை. நான் பதிவேட்டில் ஒரே வரனை மூன்று முறை எழுதினேன்.

பதினொரு மணிக்குப் போன் அடித்தது. அண்ணன் எடுத்தார். எடுத்த வேகத்தில் ரிசீவரை ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். "அண்ணா, பேப்பர்ல போட்டது நெசமுங்களா? நெசமாவேங்களா?" என்று என் மேசை வரைக்கும் கேட்டது. பின்னால் மண்டியே கூச்சல் போட்டது.

"அட, காது போச்சுடா! இரு, அம்மிணிகிட்டயே குடுக்கறேன்," என்று என் கையில் திணித்தார்.

நான் வாங்கி, "சொல்லுங்க," என்றேன்.

அந்தப் பக்கம் கப்பென்று அடங்கியது. பிறகு மிக மெதுவாக ஒரு வாக்கியம் வந்தது. முழுதாக, தெளிவாக, ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்டது.

கேட்கவில்லை என்று சொல்லி மூன்று முறை சொல்ல வைத்தேன்.